சிஎம்வி பரிசோதனை 41-ஆம் நாளில் பாசிட்டிவ்: கொடையாளரான என்னிடமிருந்து தம்பிக்குப் போனதா?

கேள்வி: அக்கா_கொடையாளர்

அனைவருக்கும் வணக்கம். ஏஎம்எல் வகை இரத்தப் புற்றுநோய்க்காக என் தம்பிக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யப்பட்டது. பாதிப் பொருத்தம் உள்ள கொடையாளராக ஸ்டெம் செல்களைக் கொடுத்தவள் நான்தான். செல்களை ஏற்றிய நாளிலிருந்து எண்ணினால், 17-ஆம் நாளில் புதிய செல்கள் பிடித்துவிட்டன. 26-ஆம் நாளில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை இரத்தம் எடுத்து சிஎம்வி என்னும் சைட்டோமெகலோ வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவந்தார்கள். 34-ஆம் நாள் அறிக்கையில் "கண்டறியப்பட்டது, அளவிட இயலாத அளவு" என்று இருந்தது. 41-ஆம் நாள் அறிக்கையில் 1,150 என்ற எண் வந்தவுடன் கான்சைக்ளோவிர் ஊசியைத் தொடங்கிவிட்டார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது ஒரு கேள்விதான். அவன் வீடு திரும்பிய நாளிலிருந்து அவனுக்கு வேண்டியதை எல்லாம் நான் ஒருத்திதான் செய்கிறேன். கை கழுவாமல் அவன் அறைக்குள் நான் நுழைந்ததே இல்லை. அப்படியிருக்க இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது? நான் கொடுத்த செல்களோடு சேர்ந்து போயிருக்குமா? கொடைக்கு முன்பு எடுத்த பரிசோதனையில் எனக்கு சிஎம்வி நெகட்டிவ், தம்பிக்குப் பாசிட்டிவ் என்று எழுதியிருந்தது நினைவில் இருக்கிறது. எனக்கு இல்லை என்பது நல்ல செய்தி என்று அன்று மகிழ்ந்தேன். இப்போது அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கும்போது எதையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றுகிறது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. மருந்து தொடங்கி ஏழு நாள் ஆன பிறகு எடுத்த பரிசோதனையில் எண் 2,400 ஆக ஏறியிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே இதற்குப் பொருள்? அடுத்து, மெல்ல மெல்ல ஏறிவந்த வெள்ளணு எண்ணிக்கை இந்த ஊசி தொடங்கியதும் இறங்கத் தொடங்கிவிட்டது. வைரஸை அடக்கப்போய், நான் கொடுத்த செல்களையே இழந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. மருத்துவரிடம் கேட்கலாம்தான், ஆனால் அவர் வந்து நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் எல்லாக் கேள்வியும் மறந்துபோகிறது.

மறுமொழி 1: குருதியியல்_ஓய்வு

அன்புள்ள சகோதரிக்கு, ஸ்டெம் செல் மாற்றுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை. எனவே அவருக்கு என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு உறுதியாகவே விடை சொல்லலாம்: கொடைக்கு முன் எடுத்த பரிசோதனை நெகட்டிவ் என்றால், அந்த வைரஸ் உங்கள் செல்களோடு போயிருக்க வழியில்லை. தம்பியின் உடலுக்குள் பல ஆண்டுகளாகவே இருந்துவந்த வைரஸ்தான் இப்போது தலைதூக்கியிருக்கிறது.

ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் ஒருமுறை உடலுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு வெளியேறுவதே இல்லை. சின்னம்மை வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும், எப்ஸ்டீன்-பார் வைரஸ் நினைவு பி செல்களிலும், சிஎம்வி மஜ்ஜையின் முன்னோடிச் செல்களிலும் அவற்றிலிருந்து பிறக்கும் மோனோசைட்டுகளிலும் பல உறுப்புகளின் திசுக்களிலும் ஓசையின்றித் தங்கியிருக்கின்றன. சிஎம்வி சிறுவயதில் சாதாரணக் காய்ச்சலாக வந்து போயிருக்கும். பலருக்கு வந்ததே தெரிந்திருக்காது. பரிசோதனையில் "பாசிட்டிவ்" என்பது அந்தப் பழைய சந்திப்பைத்தான் குறிக்கிறது. இந்த வைரஸ்களை வாழ்நாள் முழுவதும் அடக்கிவைத்திருப்பவை அந்தந்த வைரஸை அடையாளம் காணப் பழகிய டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள். மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கடும் மருந்துகள் அந்தக் காவலை அழித்துவிடுகின்றன; ஆனால் திசுக்களில் பதுங்கியிருக்கும் வைரஸை முழுவதுமாக அழிப்பதில்லை. கையைக் கழுவுவதும் முகக்கவசம் அணிவதும் வெளியிலிருந்து வரும் கிருமிகளைத் தடுக்க அவசியம். உள்ளே இருப்பதை அவை எதுவும் செய்யா. எனவே நீங்கள் எங்கோ கவனக்குறைவாக இருந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

இப்போது நீங்கள் மகிழ்ந்த அந்த "நெகட்டிவ்" பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வருத்தம் தரலாம் என்றாலும் தெரிந்துகொள்வது நல்லது. சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றில், கொடையாளர் பாசிட்டிவாகவும் பெறுபவர் நெகட்டிவாகவும் இருப்பதுதான் சிஎம்வி விஷயத்தில் மிகவும் ஆபத்தான சேர்க்கை. ஏனெனில் வைரஸ் உறுப்போடு சேர்ந்து வருகிறது. ஸ்டெம் செல் மாற்றில் கணக்கு தலைகீழ். வைரஸ் பெறுபவரிடம் இருக்கிறது. காவலோ கொடையாளரிடமிருந்து வர வேண்டும். உங்கள் டி செல்கள் சிஎம்வியை வாழ்நாளில் சந்தித்ததே இல்லை. ஆகவே அதை அடையாளம் காண அவை இனிமேல்தான், அதுவும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளுக்கு நடுவில், கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் காலம் ஆகும். அதனால்தான் உங்கள் தம்பி போன்றவர்களுக்கு வாரந்தோறும் பரிசோதனை செய்கிறார்கள். இதைக் கேட்டு உங்களைக் கொடையாளராகத் தேர்ந்தெடுத்தது தவறோ என்று எண்ணிவிடாதீர்கள். எச்எல்ஏ எனப்படும் திசுப் பொருத்தம், வயது, உடல்நிலை, அவசரம் ஆகியவற்றை எல்லாம் பார்த்த பிறகே சிஎம்வி நிலையை எடைபோடுவார்கள். ஒத்த கொடையாளர்கள் இருவர் இருந்தால்தான் அது முடிவைத் தீர்மானிக்கும்.

இரத்தத்தில் வைரஸ் இருப்பதும் சிஎம்வி நோய் வந்திருப்பதும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். நுரையீரலிலோ குடலிலோ விழித்திரையிலோ திசு சேதமடைந்தால்தான் அதை நோய் என்கிறோம். நான் இந்தத் துறைக்கு வருவதற்கு முந்தைய தலைமுறை மருத்துவர்கள் சிஎம்வி நுரையீரல் அழற்சி என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குவார்கள். அது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1989-இல் அமெரிக்காவில் கான்சைக்ளோவிருக்கு ஒப்புதல் கிடைத்தது, அதுவும் முதலில் எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரைப் பாதிப்புக்காக. ஆனால் நுரையீரலில் அழற்சி ஊன்றிய பிறகு அந்த மருந்தாலும் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. அதனால்தான் நோய்க்குறி எதுவும் தோன்றும் முன்பே, இரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை ஏறும்போதே மருந்து தொடங்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. உங்கள் தம்பிக்கு நடந்திருப்பது அதுதான். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இல்லாதபோது ஏன் ஊசி என்று யாராவது கேட்டால், அவை வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் பதில்.

லெட்டர்மோவிர் என்ற தடுப்பு மாத்திரையைப் பற்றி யாரேனும் உங்களிடம் சொல்லக்கூடும். சிஎம்வி பாசிட்டிவாக இருந்து பிறரின் செல்களைப் பெறும் பெரியவர்களுக்காக 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து அது. வழக்கமாக 100-ஆம் நாள் வரை கொடுப்பார்கள். பின்னாளிலும் ஆபத்து நீடிப்பவர்களுக்கு 200 நாள் வரை தரலாம் என்று 2023-இல் நீட்டித்தார்கள். அது வைரஸ் தலைதூக்காமல் தடுக்கத்தான்; தலைதூக்கிய பிறகு அடக்குவதற்கு வழக்கமாக முதலில் எடுப்பது கான்சைக்ளோவிர் அல்லது அதன் மாத்திரை வடிவமான வால்கான்சைக்ளோவிர்தான்.

வெள்ளணு குறைவது எதிர்பார்க்கப்பட்ட விளைவே. கான்சைக்ளோவிர் வைரஸின் டிஎன்ஏ பெருகுவதைத் தடுக்கிறது. வேகமாகப் பிரியும் மஜ்ஜைச் செல்களையும் அது ஓரளவு தடுத்துவிடுகிறது. புதிதாகப் பிடித்த செல்கள் அழிந்துவிடுவதாக இதற்குப் பொருள் இல்லை. மருந்தை நிறுத்தியவுடன் எண்ணிக்கை பெரும்பாலும் மீண்டுவிடும். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு வகை மிகவும் இறங்கினால் வளர்ச்சி ஊக்கி ஊசி போடுவார்கள், அல்லது ஃபாஸ்கார்னெட் என்ற வேறொரு வைரஸ் எதிர்ப்பு மருந்துக்கு மாற்றுவார்கள். ஃபாஸ்கார்னெட் மஜ்ஜையை விட்டுவைக்கும். ஆனால் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் அளவுகளையும் குலைக்கும். அந்த மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று நோயாளி சொன்னால், அதைச் சிறிய விஷயம் என்று விடாமல் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும்; கால்சியம் இறங்குவதன் முதல் அறிகுறி அது. மஜ்ஜையா சிறுநீரகமா, இப்போது எதற்கு ஆபத்து குறைவு என்று எடைபோட்டுத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த மருந்தானாலும் சிறுநீரகம் வேலை செய்யும் அளவைப் பார்த்து அளவை மாற்றுவார்கள் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்ப்பதற்காக அடிக்கடி இரத்தம் எடுத்தால் சலித்துக்கொள்ள வேண்டாம்.

மறுமொழி 2: மூலக்கூறு_மேசை

வணக்கம். வைரஸின் மரபுப்பொருளை அளக்கும் இந்தப் பிசிஆர் பரிசோதனைகளைச் செய்யும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஐயா சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. 1,150 எப்படி 2,400 ஆனது என்ற கேள்விக்கு மட்டும் என் மேசையிலிருந்து பதில் சொல்கிறேன்.

1,150-ஐயும் 2,400-ஐயும் கடைக்கணக்கு போலக் கழித்துப் பார்க்கக் கூடாது. வைரஸ் மடங்கு மடங்காகப் பெருகுவது. எனவே அதை மடங்குகளில்தான் படிக்க வேண்டும். உங்கள் தம்பியின் எண் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது. மூன்று மடங்குக்குக் குறைவான மாற்றத்தை நாங்கள் உண்மையான ஏற்றம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டோம். அளவீட்டின் கீழ் எல்லையை ஒட்டிய சிறிய எண்களில் ஐந்து மடங்கு வேறுபாடுகூட வெறும் அளவீட்டுத் தடுமாற்றமாக இருக்கலாம். எங்கள் இயந்திரத்தின் சீர்மையைச் சரிபார்க்க ஒரே குழாய் இரத்தத்தை இரண்டாகப் பிரித்து ஒரே நாளில் ஓட்டியபோது ஒன்று 900 என்றும் மற்றொன்று 1,500 என்றும் வந்தது. இரண்டும் சரியான முடிவுகளே.

அது மட்டுமல்ல. மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் எண் சற்று ஏறுவது, குறிப்பாக எதிர்ப்புச் சக்தியைக் கடுமையாக அடக்கும் மருந்துகள் எடுப்பவர்களிடம், அடிக்கடி காண்பதுதான். சரியான அளவில் மருந்து கொடுத்து இரண்டு வாரம் கடந்த பிறகும் எண் பத்து மடங்குக்கு மேல் ஏறினால்தான் மருந்துக்கு அடங்காத வைரஸ் என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள். அப்போதும்கூட வைரஸ் உருமாறிவிட்டது என்று உடனே முடிவு கட்டுவதில்லை. யுஎல்97, யுஎல்54 என்னும் வைரஸ் மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று தனிப் பரிசோதனை செய்து பார்ப்போம். வாரக்கணக்கில் மருந்து எடுத்தவர்களிடம்தான் அந்த மாற்றம் பெரும்பாலும் தென்படும். ஏழாம் நாளில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அத்தகையவர்களுக்காக மாரிபாவிர் என்ற மாத்திரை 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: பரிசோதனையை எப்போதும் ஒரே ஆய்வகத்தில், ஒரே வகை மாதிரியில் செய்யச் சொல்லுங்கள். சிலர் இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் அளக்கிறார்கள், சிலர் முழு இரத்தத்தில் அளக்கிறார்கள். முழு இரத்தத்தில் எண் பொதுவாக அதிகமாக வரும். 2010-இல் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அளவுகோல் ஒன்றை வகுத்த பிறகு எல்லோரும் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை சர்வதேச அலகு என்று எழுதத் தொடங்கினோம்; ஆனால் அலகு ஒன்றானதால் முடிவுகளும் ஒன்றாகிவிடவில்லை. பிளாஸ்மாவில் எடுத்த 1,150-ஐ வேறு ஆய்வகத்தின் முழு இரத்த எண்ணோடு ஒப்பிட்டுக் குடும்பமே கலங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எண், மாதிரியின் வகை, நியூட்ரோஃபில், கிரியாட்டினின், ஸ்டீராய்டு எடுத்தால் அதன் அளவு ஆகியவற்றை வரிசையாக எழுதிவாருங்கள். மருத்துவர் வரும் அந்த ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தாலே போதும். இன்னொன்று: சிலர் பதற்றத்தில் சிஎம்வி ஐஜிஎம், ஐஜிஜி என்று எதிர்ப்பொருள் பரிசோதனைகளை வெளியில் செய்துகொண்டு வருகிறார்கள். மாற்று சிகிச்சைக்குப் பிறகு அவை எதையும் சொல்வதில்லை. ஏற்றப்பட்ட இரத்தப் பொருட்களில் உள்ள எதிர்ப்பொருளே பாசிட்டிவ் காட்டிவிடும். பணமும் இரத்தமும் வீண்.

அக்கா_கொடையாளர்

இருவருக்கும் என் நன்றி. அந்த நெகட்டிவ் காகிதத்தின் பொருள் இப்போதுதான் விளங்கியது. நீங்கள் சொன்னபடி நோட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டேன்.

இன்று 55-ஆம் நாள். எண் 640 ஆக இறங்கியிருக்கிறது. மகிழ்ச்சி அடைந்த அதே நாளில் வேறு தொல்லை தொடங்கிவிட்டது. இரண்டு நாளாக ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை நீராகப் பேதியாகிறது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துத் திசு எடுக்க வேண்டும் என்கிறார்கள். தட்டணு 38,000 மட்டுமே இருக்கும் நிலையில் இது அவசியமா? வைரஸ்தான் இறங்குகிறதே. கூடவே நேற்றிலிருந்து சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகிறது, போகும்போது எரிச்சலும் இருக்கிறது. இதுவும் சிஎம்வியால்தானா?

மறுமொழி 3: குருதியியல்_ஓய்வு

சகோதரி, அந்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. இரத்தத்தில் எண் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, ஏன், இரத்தத்தில் வைரஸே காணப்படாதபோதும்கூட, குடலில் சிஎம்வி புண் இருக்கலாம். குடல் விஷயத்தில் இரத்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தக் கட்டத்தில் பேதி வந்தால் இரண்டு பெரிய சந்தேகங்கள் எழும். உங்கள் செல்கள் தம்பியின் குடலை அந்நியமாகக் கருதித் தாக்கும் ஜிவிஎச்டி ஒன்று, சிஎம்வி மற்றொன்று. முன்னதற்கு ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும். பின்னதற்கோ அடக்குவதைக் குறைக்க வேண்டும், ஸ்டீராய்டு வைரஸுக்குத் தீனி போட்டதாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நெடுங்கால அனுபவம் உள்ளவர்களும் நோயாளியின் முகத்தையும் பேதியின் நிறத்தையும் பார்த்து ஊகித்துத் தவறியிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், சிஎம்வி புகுந்த செல்கள் பெரிதாக வீங்கி, கருவுக்குள் ஆந்தையின் கண் போன்ற ஒரு வட்டத்தோடு தெரியும். கண்ணுக்குத் தப்பியதையும் சிறப்புச் சாயம் காட்டிக்கொடுக்கும். சில நேரம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அதுதான் கையாளக் கடினமானது. தட்டணு குறைவாக இருந்தால் பரிசோதனைக்கு முன் ஏற்றிக்கொள்வார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரையாலும் பேதி வரலாம், குடலில் வேறு கிருமிகளும் இருக்கலாம். மலப் பரிசோதனையையும் சேர்த்தே கேட்டிருப்பார்கள்.

சிறுநீர் விஷயம் பெரும்பாலும் வேறு வைரஸின் வேலை. பிகே வைரஸ் என்று ஒன்று உண்டு. நம்மில் பெரும்பாலோருக்கும் சிறுவயதிலேயே வந்து சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் தங்கிவிடுவது. பாதிப் பொருத்த மாற்றில் செல் ஏற்றிய பிறகு கொடுக்கும் சைக்ளோஃபாஸ்பமைடு மருந்தே சிறுநீர்ப்பையை எரித்து இரத்தம் வரச் செய்யும். ஆனால் அது முதல் சில நாட்களில் தெரியும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, புதிய செல்கள் பிடித்த பின் வரும் இரத்தச் சிறுநீருக்கு பிகே வைரஸைத்தான் முதலில் சந்தேகிப்போம். அடினோவைரஸும் இதைச் செய்யும். சிறுநீரில் பிகே வைரஸ் இருப்பதனால் மட்டும் நோய் என்று சொல்லிவிட முடியாது. எந்தத் தொல்லையும் இல்லாத பலரிடமும் அது நிறையவே இருக்கும். இதற்கென்று உறுதியாக வேலை செய்யும் மருந்தும் இல்லை. நிறையத் திரவம் ஏற்றுவது, தட்டணுவைத் தாங்கிப் பிடிப்பது, வலியைக் குறைப்பது, இரத்தக் கட்டிகள் வந்தால் குழாய் வைத்துச் சிறுநீர்ப்பையைக் கழுவுவது ஆகியவையே முதன்மையான சிகிச்சை. சிடோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யக்கூடியது என்பதால் யோசித்தே தருவார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சிறுநீரில் இரத்தக் கட்டிகள் வந்து, பிறகு சிறுநீரே வராமல் அடிவயிறு உப்பி வலித்தால், இரவு எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

மறுமொழி 4: ஆறாம்_ஆண்டில்

எனக்கு மாற்று சிகிச்சை நடந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எல்லோரும் முதல் நூறு நாளைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவம் அதற்குப் பிறகு நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

பத்தாவது மாதத்தில், உடம்பு நன்றாக இருக்கிறது என்ற நினைப்பில், ஹெர்பிஸ், சின்னம்மை வைரஸ்களைத் தடுக்கும் அசைக்ளோவிர் மாத்திரையை நானாகவே நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பதினான்காவது மாதத்தில் ஒரு மாலையில் மேல்வயிற்றில் வலி தொடங்கியது. நிமிர்ந்தாலும் குனிந்தாலும் மாறாத வலி. இரவு முழுவதும் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்கேனில் எதுவும் இல்லை. கல்லீரல் நொதிகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. பித்தப்பை, கணையம், வயிற்றுப்புண் என்று மூன்று நாள் தேடினார்கள். பணிமுறை மாறி வந்த இளம் மருத்துவர் ஒருவர்தான், மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் என்று தெரிந்ததும், "அசைக்ளோவிர் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். என் பதிலைக் கேட்டவுடனே சின்னம்மை வைரஸுக்கான இரத்தப் பிசிஆரை அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஊசியைத் தொடங்கினார். பரிசோதனை பாசிட்டிவ். ஐந்தாம் நாள் காலையில்தான் விலாவில் முதல் நான்கு கொப்புளங்கள் தோன்றின. சின்னம்மை வைரஸ் மீண்டும் எழுந்து உண்டாக்கும் அக்கி தோலில் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கொப்புளம் தோன்றுவதற்கு நாட்கள் முன்பே அது வயிற்று உறுப்புகளுக்குள் பரவி உயிரையே எடுத்துவிடக்கூடும் என்பதை அன்று அறிந்தேன்.

அசைக்ளோவிரைக் குறைந்தது ஓர் ஆண்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடரும்வரை அதற்கு மேலும், எடுக்கச் சொல்கிறார்கள். என்னோடு சிகிச்சை பெற்ற ஒருவர் லெட்டர்மோவிர் எடுப்பதால் அசைக்ளோவிர் தேவையில்லை என்று நினைத்து விட்டுவிட்டார். லெட்டர்மோவிர் சிஎம்வியை மட்டுமே தடுக்கும். அக்கியையும் வாய்ப்புண் தரும் ஹெர்பிஸையும் அது தொடுவதில்லை.

மறுமொழி 5: மகனின்_தந்தை

என் மகனுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து செல்கள் ஏற்றப்பட்டன. 24-ஆம் நாளில் அவன் "அப்பா, இன்று என்ன கிழமை?" என்று கேட்டான். சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து அதே கேள்வி. மீண்டும் சொன்னேன். அரைமணி நேரத்தில் ஏழு முறை கேட்டான். தூக்க மருந்தின் மயக்கம் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பாமல் மருத்துவரை அழைத்தேன். இரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது. எம்ஆர்ஐயில் மூளையின் பக்க மடலின் உட்புறத்தில் மாற்றம் தெரிந்தது. தண்டுவட நீரில் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த எச்எச்வி-6 என்ற வைரஸ் இருந்தது. உடனே ஃபாஸ்கார்னெட் தொடங்கினார்கள். இன்று பள்ளிக்குப் போகிறான். பெயர்களை நினைவில் வைப்பதில் மட்டும் இன்னும் கொஞ்சம் சிரமம் இருக்கிறது. நோயாளியை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்: குழப்பம், மறதி, வலிப்பு எதுவானாலும் மருந்தின் மயக்கம் என்று நாமே தீர்மானிக்க வேண்டாம்.

மூலக்கூறு_மேசை

மேலே சொன்ன வைரஸைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு எச்எச்வி-6-இன் மரபுப்பொருள் பிறப்பிலேயே அவருடைய குரோமோசோமில் ஒட்டிப் பரம்பரையாக வந்திருக்கும். கொடையாளர் அப்படிப்பட்டவராக இருந்தால், செல் பிடித்த பிறகு பெறுபவரின் இரத்தத்தில் அந்த வைரஸ் எண் வெள்ளணுவோடு சேர்ந்தே ஏறும், எந்த மருந்துக்கும் இறங்காது. அது நோயல்ல. இதை அறியாமல் வாரக்கணக்கில் ஃபாஸ்கார்னெட் கொடுத்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட வாய்ப்பு உண்டு. முழு இரத்த எண் விடாமல் மிக அதிகமாகவே இருந்தால் கொடையாளரின் மாதிரியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மகனுக்கு நேர்ந்தது இது அல்ல; அறிகுறி, எம்ஆர்ஐ, தண்டுவட நீர் மூன்றும் ஒத்துப்போயிருக்கின்றன.

அக்கா_கொடையாளர்

திசு முடிவு வந்துவிட்டது. சிஎம்விக்கான சாயத்தில் எதுவும் தெரியவில்லை. ஜிவிஎச்டி இரண்டாம் நிலை என்கிறார்கள். இன்று, 59-ஆம் நாள், ஸ்டீராய்டு தொடங்கினார்கள். சிறுநீரில் பிகே வைரஸ் உறுதியாகியிருக்கிறது. கட்டிகள் இல்லை, நிறம் தெளிந்துவருகிறது. சிஎம்வி எண் 180. கான்சைக்ளோவிரை இன்னும் ஒரு வாரத்தில் நிறுத்திவிடலாம் என்று சென்ற வாரம் சொன்னார்கள். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகும் அது பொருந்துமா?

மறுமொழி 6: குருதியியல்_ஓய்வு

இந்தக் கேள்வியை அப்படியே நாளைக் காலை அவர்களிடம் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எண் மறைந்த பிறகு நிறுத்துவது வழக்கம். ஆனால் ஸ்டீராய்டு தொடங்கியவுடன் வைரஸ் திரும்ப எழும் வாய்ப்பு கூடிவிடுகிறது. எனவே சிலர் அளவைக் குறைத்துச் சில வாரம் நீட்டிப்பார்கள், சிலர் நிறுத்திவிட்டு லெட்டர்மோவிர் போன்ற தடுப்பு மருந்துக்கு மாற்றுவார்கள், சிலர் நிறுத்திவிட்டு நெருக்கமாகக் கண்காணிப்பார்கள். அவருடைய வெள்ளணு எண்ணிக்கையைப் பொறுத்தது அது. எந்த வழியை எடுத்தாலும், 100-ஆம் நாளோடு வாராந்தர சிஎம்வி பரிசோதனை நின்றுவிடக் கூடாது என்பதை மட்டும் இப்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்; ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அது தொடர வேண்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸையும் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். அது ஏறினால் நிணநீர்க் கட்டிகளாக மாறக்கூடும். எண் தொடர்ந்து ஏறும்போதே, அந்த வைரஸ் தங்கும் பி செல்களை அழிக்கும் ரிட்டக்சிமாப் மருந்தைக் கொடுத்து அடக்கிவிடுவார்கள்.

உங்கள் நோட்டில் 59-ஆம் நாளுக்கு எதிரே ஸ்டீராய்டின் அளவைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அது குறையும் ஒவ்வொரு நாளையும் அப்படியே எழுதிவாருங்கள். அடுத்து ஏறும் எந்த எண்ணையும் அந்தச் சிவப்பு வரிகளை வைத்துத்தான் அவர்கள் படிப்பார்கள்.